அணையாடையின் கணக்கு: ஜி.டி. நெல்லூரிலிருந்து சில குறிப்புகள்

அக்காளுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது எங்கள் பாட்டி மரப்பெட்டியைத் திறந்து, தாத்தாவின் பழைய வேட்டிகள் நான்கை எடுத்துச் சதுரஞ்சதுரமாகக் கிழித்து அடுக்கினார். புதுத்துணி பிள்ளையின் தோலை உரசும். பல நூறு முறை துவைத்து நைந்த பருத்திதான் ஆகும் என்பது அவர் கொள்கை. அதே வாரத்தில் உறவினர் ஒருவர் ‘பாட்டி காலத்து வழி, பைசா செலவில்லா வழி’ என்ற செய்தி ஒன்றைக் குடும்பக் குழுவில் பகிர்ந்திருந்தார். டயப்பருக்கு மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். பழந்துணி, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வெயில் போதும் என்பது அதன் சாரம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ‘பைசா செலவில்லை’ என்ற தொடர் எனக்கு உறுத்தியது. ஒரு வீட்டின் கணக்கேட்டில் செலவு எழுதப்படவில்லை என்றால், அது வேறு யாருடைய ஏட்டில் எழுதப்பட்டது? மொழியியல் படித்த பழக்கத்தால் இக்கேள்வியைச் சொற்களிலிருந்தே தொடங்கினேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். நெல்லூர் என்றதும் பென்னையாற்றங்கரை நெல்லூரை நினைப்பவர்களுக்காக: இது சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர், பேச்சு வழக்கில் ஜி.டி. நெல்லூர். 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டின் பகுதி. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். எனவே எங்கள் வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வேகின்றன. கைக்குழந்தையைச் சுற்றிய சொற்கள் எழுத்தில் அதிகம் ஏறாதவை. பெண்கள் வாயிலேயே வாழ்ந்தவை. ஆகையால் இத்தகைய இருமொழி ஊர்களில் அவற்றைக் கேட்பது பயன் தரும்.

தமிழில் ‘அணையாடை’ என்றொரு அழகான சொல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பதிவு செய்திருக்கும் சொல். இன்று பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அணை என்பது படுக்கை. அணையாடை குழந்தைக்குக் கீழே இடும் துணி. தெலுங்கில் ‘பொத்தில்லு’, ‘பொத்திகுட்ட’ என்பார்கள். தமிழின் பொதி, பொத்து ஆகியவற்றோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பது. அது குழந்தையைச் சுற்றிப் பொதியும் துணி. ஒரு மொழி கீழே விரிப்பதற்குப் பெயரிட்டது. மற்றொன்று மேலே சுற்றுவதற்கு. இரு கால்களுக்கிடையே கட்டும் துணிக்கென்று தனிப்பெயர் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. வளர்ந்த ஆணுக்குரிய ‘கோமணம்’ என்ற சொல்லையே கேலியாகக் குழந்தைக்கும் ஏற்றிச் சொல்வார்கள். அந்த வெற்றிடத்தில்தான் பின்னாளில் ‘பேம்பர்ஸ்’, ‘ஹக்கீஸ்’ என்ற வணிகப் பெயர்கள் பொதுப்பெயர்களாக வந்து உட்கார்ந்தன. ஆங்கில ‘டயப்பர்’ என்பதும் முதலில் துணியின் பெயரே. மிக வெண்மையானது எனப் பொருள்படும் பைசாந்தியக் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, சாய்சதுரக் கோலமிட்ட உயர்ந்த வெண்துணியைக் குறித்து, பிறகு குழந்தையின் இடுப்புக்கு இறங்கியது.

சொல் இல்லாத இடத்தில் பெரும்பாலும் பொருளும் அரிதாகவே இருந்திருக்கும். எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு டயப்பர் என்ற கட்டுடை அன்றாடத் தேவையாக இருக்கவில்லை. பகலில் மடியிலோ பாயிலோ விரித்த அணையாடை, உறங்கும்போது ‘ஏணை’. பிற பகுதிகளில் தூளி என்பதை வட ஆர்க்காட்டில் ஏணை என்போம். பழைய புடவையால் கட்டிய ஏணையில் சிறுநீர் துணி வழியே கீழே சொட்டிவிடும். ஈரம் குழந்தையின் தோலோடு ஒட்டிக் கிடப்பதில்லை. தரை சாணம் மெழுகிய மண்ணாக இருந்தவரை அதைத் துடைக்கும் வேலையும் குறைவு. சிமெண்டுத் தரையும் மெத்தையும் வந்த பின்னரே சொட்டும் ஏணை ஒரு ‘தொந்தரவு’ ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கால்மேல் உட்கார வைக்கும் வழக்கம். தாயோ பாட்டியோ காலை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கிடையே குழந்தையை அமர்த்தி, உதட்டைக் குவித்து ஒலி எழுப்புவார்கள். சில மாதக் குழந்தை அந்த ஒலிக்குப் பழகிவிடும். இது தமிழருக்கோ தெலுங்கருக்கோ மட்டும் உரிய வித்தையன்று. கென்யாவின் டிகோ மக்களிடையே நான்கைந்து மாதத்திலேயே குழந்தைகள் இவ்வாறு பழக்கப்படுவதை 1977இல் வெளியான ஓர் ஆய்வு விரிவாகப் பதிவு செய்தது. குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற அமெரிக்க மருத்துவ அறிவுரையை அது சங்கடப்படுத்தியது. ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை: குழந்தையின் முகக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் எப்போதும் ஒரு பெண். அவருடைய நேரத்துக்கு விலை இல்லை என்று நாம் வைத்துக்கொண்டதால்தான் முறை ‘செலவில்லாதது’ ஆகிறது.

எல்லாத் துணியும் இறுதியில் துவைக்கும் கல்லுக்கே வரும். இங்குதான் செய்தி கனமாகிறது.

பாட்டியின் நினைவில் துணிகள் இரண்டாகப் பிரிந்தன. பிள்ளைத் துணியைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே கிணற்றடியில் அலசினார்கள். பேறுகாலத் துணிகளையும், தீட்டுக் கழிக்கும் நாள்வரை தாயும் சேயும் பயன்படுத்திய யாவற்றையும் தொட வேறொருவர் வந்தார். தெலுங்கில் சாகலி, தமிழில் வண்ணாத்தி. எங்கள் தெருவில் ‘சாகலம்மா’. கொல்லை வழியாக வருவார். மூட்டையை எடுத்துக்கொண்டு போவார். வெளுத்த துணியைத் திண்ணையில் வைப்பார். தீட்டு நாட்களில் உடுத்த வெளுத்த துணியை அவரே கொண்டுவந்து தருவதும் உண்டு. அதற்கு ‘மாற்று’ என்று பெயர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் வாழ்வை வாசித்தவர்களுக்கு இந்த உலகின் எடை தெரியும். அது தென்பகுதியில் தலித் குடியிருப்பை நம்பி வாழும் புதிரை வண்ணாரின் கதை. எங்கள் ஊர் சாகலிக் குடும்பத்தின் நிலை அதிலிருந்து வேறுபட்டது. இரண்டிலும் பொதுவாக இருந்தது, பிறப்பின் அழுக்கு ஒரு குறிப்பிட்ட சாதிப் பெண்ணின் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு.

அந்தக் கையிலிருந்த அறிவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர்நிலத்தில் கூவல் தோண்டி நாள்தோறும் வெண்துணி வெளுக்கும் புலைத்தி ஒருத்தி வருகிறாள். வீரனின் உடையைச் சொல்ல வந்த இடத்தில் ஔவையார் போகிறபோக்கில் தரும் செய்தி அது. ஏன் களர்நிலம்? பயிருக்கு உதவாத அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரவுப்புகள் உண்டு. அந்த நீர் எண்ணெய்ப் பசையையும் புரதக் கறையையும் இளக்கும். உவர்மண், சவுட்டு மண் என்று நாம் சொல்வதும், தெலுங்கில் ‘சவுடு’ என்பதும் இதையே. சோப்புக் கட்டி நம் ஊர்ச் சந்தைக்கு வருவதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, சோப்புக்குரிய வேதியியலைக் கையாண்ட ஒரு பெண் நம் இலக்கியத்தில் நிற்கிறாள், பெயரில்லாமல்.

வெள்ளாவி அதன் அடுத்த படி. துணியை உவர்மண் கரைசலில் முக்கி எடுத்து, நீர் கொதிக்கும் பெரும்பானையின் வாய்மேல் சுற்றிச்சுற்றி அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் அவிப்பார்கள். விடியற்காலையில் ஓடும் நீரில் அடித்து அலசி, மணலில் விரித்து உலர்த்துவார்கள். காரம், நீராவி, ஓடும் நீர், வெயில் ஆகிய நான்கும் வரிசையாக. இன்றைய மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தத்துவமும் இதுவே. பச்சிளங்குழந்தையின் துணிக்கு இதைவிடப் பாதுகாப்பான சுத்திகரிப்பு அந்நாளைய கிராமத்தில் இருந்திருக்க முடியாது. அதைச் செய்தவருக்குக் கிடைத்தது ‘தீட்டைத் தொடுபவர்’ என்ற பெயர்.

கூலி? அறுவடைக் களத்தில் ஊர்ப் பணியாளர்களுக்கு ஒதுக்கும் தானியப் பங்கைத் தமிழில் ‘மேரை’ என்றும் தெலுங்கில் ‘மேர’ என்றும் சொன்னார்கள். அதே பங்குக்கு வருவாய்த்துறை ஆவணங்களில் இன்னொரு பெயர் ‘சுதந்திரம்’. விடுதலையைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் பரம்பரைப் பணியாளின் களத்துமேட்டுப் பங்கைக் குறித்தது என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். ஆக, பாட்டி காலத்தில் டயப்பர்ச் செலவு இருந்தது. அது மாதந்தோறும் ரொக்கமாகப் போகாமல், ஆண்டுக்கொருமுறை கேழ்வரகாகவும், அந்தியில் ஓர் உருண்டைக் களியாகவும் போயிற்று. அளவு கொடுப்பவரின் விருப்பம்.

மறுபக்கம், உலகம் எப்படி இதைக் காகிதத்துக்கு மாற்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மரியன் டோனவன் குளியலறைத் திரையை வெட்டித் தைத்த நீர்புகா மேலுறை 1949இல் நியூயார்க்கின் பெரிய கடை ஒன்றில் விற்பனைக்கு வந்தது. காகிதத்தாலேயே தூக்கியெறியும் டயப்பர் செய்யலாம் என்று அவர் சொன்னபோது ஆலைக்காரர்கள் கேட்கவில்லை. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விக்டர் மில்ஸ் குழு உருவாக்கிய பேம்பர்ஸ் 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. அதே பியோரியாவிலுள்ள அரசு வேளாண் ஆய்வகத்தில்தான், தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் மாவுப்பொருள் வகையொன்று பின்னர் உருவானது. அந்த வழியில் வந்த உறிஞ்சிப் பலபடிகள் 1980களில் டயப்பருக்குள் நுழைந்தன. இந்தியாவுக்கு 1990களின் நடுவில் ஹக்கீஸ் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மற்றவை. இன்று மாமிபோக்கோ தயாரிக்கும் யூனிசார்ம் நிறுவனத்தின் ஆலை ஸ்ரீசிட்டியில் இயங்குகிறது. முன்னாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை அது. சத்தியவேட்டுப் பகுதி 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டியில் சில மணி நேரம் போனால், எங்கள் ஏணையின் போட்டியாளர் பிறக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம்.

விலைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டயப்பர் 10 ரூபாய் என்றும் நாளொன்றுக்கு ஐந்து என்றும் வைத்தால் மாதம் 1,500 ரூபாய். 2024-25இல் ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்ட நாட்கூலி 300 ரூபாய். அதாவது ஒரு தாயின் ஐந்து நாள் மண்வெட்டு. 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு முழுதாகக் கடைக்கு வந்தாலும் மிச்சம் மாதத்துக்கு நூறு ரூபாயை எட்டாது. ஆகவே சிக்கனத்தைத் தேடுவதில் தவறேயில்லை. எந்தச் சிக்கனம் என்பதே கேள்வி.

கைமருந்துகளுக்கு வருகிறேன். ‘வீட்டு மருந்து, எனவே தீங்கற்றது’ என்ற நம்பிக்கைக்கு வரலாறு அவ்வளவு துணை நிற்பதில்லை. டயப்பர்ப் புண்ணுக்கு அமோனியாவே காரணம் என்றும், மலத்திலுள்ள ஒரு நுண்ணுயிர் சிறுநீரிலிருந்து அதை உண்டாக்குகிறது என்றும் அமெரிக்க மருத்துவர் குக் 1921இல் எழுதினார். அன்றிலிருந்து துணியை நஞ்சூட்டி நுண்ணுயிரைக் கொல்லும் ஆர்வம் பெருகியது. போரிக் பவுடரைப் புண்ணில் தூவும் வழக்கம் உலகெங்கும் வீட்டுக்கு வீடு இருந்தது. 1953இல் கோல்ட்புளூம் இருவர் எழுதிய கட்டுரை, போரிக் அமிலத்தால் நஞ்சேறிய நூற்றுக்கும் மேற்பட்ட நேர்வுகளை மருத்துவ இலக்கியத்திலிருந்து திரட்டிக் காட்டியது. அவற்றில் கைக்குழந்தைகள் பலர். காசு கொடுத்த சலவையும் விதிவிலக்கன்று. 1886இல் லண்டனில், துணியில் குத்திய அனிலின் மை முத்திரையால் பிறந்த குழந்தைகள் நீலம் பாய்ந்தன. 1980 வாக்கில் புவெனஸ் அயர்ஸில் ஒரு டயப்பர்ச் சலவை நிறுவனம் பூஞ்சைக்கொல்லியாகப் பாதரசச் சேர்மத்தைப் பயன்படுத்தியதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதற்கு ஆளாயினர். நம் வண்ணார் குறியிடும் சேங்கொட்டைச் சாறும் தோலைக் கொப்புளிக்கச் செய்வதே. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலிருந்த அயல்நாட்டுச் சிப்பாய்களின் கழுத்தில் வந்த கொப்புளங்களை 1943இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று ‘டோபிக் குறித் தோலழற்சி’ என்றே பெயரிட்டுப் பதிவு செய்தது.

குக் சொன்னதை 1986இல் வந்த ஆய்வுகள் திருத்தின. அமோனியா நேரடியாகத் தோலைப் புண்ணாக்குவதில்லை. அது தோலின் காரத்தன்மையை உயர்த்த, மலத்திலுள்ள செரிமான நொதிகள் விழித்துக்கொண்டு ஈரத்தில் ஊறிய தோலை அரிக்கின்றன. இதிலிருந்து கிடைக்கும் வழிகள் மிக எளியவை. நனைந்ததும் மாற்றுவது, மலம் பட்டால் தாமதமின்றி வெறும் நீரில் கழுவுவது, ஒற்றி உலர்த்திச் சிறிது நேரம் காற்றாட விடுவது, ஈரத்துக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்த் தடுப்பு. பாட்டியின் தேங்காய் எண்ணெய் இந்த நான்காவது இடத்தில் பொருந்துகிறது. துணியில் சோப்போ சலவைச்சோடாவோ தங்கினால் காரத்தை நாமே ஊட்டியவர்களாவோம். ஆகவே கூடுதலாக ஒரு முறை அலசுவது எந்த மருந்தையும்விடப் பெரிய மருந்து. பவுடர் எதுவும் வேண்டாம். குழந்தை அதை மூச்சில் இழுக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்காமல், தொடை மடிப்புக்குள் செக்கச்சிவந்து, ஓரத்தில் சிறுசிறு புள்ளிகளாகப் பரவினால் அது பெரும்பாலும் பூஞ்சை. எண்ணெய் அதற்கு உதவாது. மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள் அரைத்துப் பூசும் ஆலோசனையைப் பாட்டியே மறுத்துவிட்டார்: “எரியற எடத்துல இன்னும் எரியறத வெக்கறதா?”

ஆக, பாட்டி முறை காப்பாற்றியது மருந்தினால் அல்ல. அடிக்கடி மாற்றுவதாலும் நன்றாக அலசுவதாலும். இரண்டும் உழைப்பு. சுற்றுச்சூழல் கணக்கும் இதே இடத்துக்கு வருவது வியப்பாக இருந்தது. 2008இல் பிரிட்டன் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுக்குத் தூக்கியெறியும் டயப்பரால் ஏறத்தாழ 550 கிலோ, துணி டயப்பரால் ஏறத்தாழ 570 கிலோ கரியமில வாயு ஈடு. கொடியில் உலர்த்தி, சலவை எந்திரத்தை நிறைத்துப் போட்டு, இரண்டாம் குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும். எது நல்லது என்பதைத் துணியோ காகிதமோ தீர்மானிக்கவில்லை. துவைக்கும் முறையே தீர்மானிக்கிறது. எங்கள் வெயில் அந்த வகையில் ஒரு சொத்துதான். காகித டயப்பரின் பின்கதை மட்டும் சொல்லும்படி இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர் தரும் உறையிலோ பொருத்தமான வேறு உறையிலோ சுற்றித்தான் டயப்பரைக் கொடுக்க வேண்டும் என்றன. எங்கள் தெருக்கடையில் வாங்கிய பொட்டலங்களில் அந்த உறையை நான் இன்னும் பார்க்கவில்லை. பயன்படுத்தியவை ஊர் எல்லையில் கருவேல மரத்தடியில் கிடக்கின்றன. அல்லது பஞ்சாயத்துக் குப்பைவண்டியில் வரும் பெண்கள் கையால் பிரிக்கிறார்கள். அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அக்காள் வீட்டில் இப்போது நடப்பது ஒரு கலவை. பகலில் துணி, இரவில் ஒரு டயப்பர், பயணத்தில் இன்னொன்று. மாதச் செலவு நானூறு, ஐந்நூறுக்குள் நின்றுவிடுகிறது. துணியை அத்தான் துவைக்கிறார். முதல் வாரம் அதைத் தெருவே வேடிக்கை பார்த்தது, இப்போது பழகிவிட்டது.

சாகலம்மாவைப் பற்றிப் பாட்டியிடம் மீண்டும் மீண்டும் கேட்டேன். ஏழு பிள்ளைப்பேற்றுக்கும் அவர்தான் வந்தாராம். எத்தனை படி கேழ்வரகு, எந்த மாதத்தில், எந்தப் பானையில் களி, எல்லாம் பாட்டிக்கு நினைவிருந்தது. பெயரைக் கேட்டபோது நெடுநேரம் யோசித்தார். மறுநாள் காலை, நான் கேட்காமலே, “நாங்க கேக்கவே இல்ல கண்ணு” என்றார். அந்தக் குடும்பத்தின் பேரன் சித்தூரில் இஸ்திரிக் கடை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்கே போக இருக்கிறேன்.